பிளாட்டின் காப்பீட்டு பில் ஏறினால்: கேட்பதா, வழக்காடுவதா, நிர்வாகத்தை எடுப்பதா, ஃப்ரீஹோல்டையே வாங்குவதா?

லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், குரோய்டன் பக்கம் பிளாட் வாங்கிய நண்பர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது என்னைக் கூப்பிட்டுக் கேட்கும் கேள்வி இது. "கட்டடக் காப்பீட்டுக்குப் போன வருஷம் என் பங்கு 410 பவுண்டு. இந்த வருஷம் 690. கம்பெனியை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, பாலிசியைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. என்ன செய்யலாம்?"

சென்னையில் அடுக்குமாடியில் வீடு வாங்கினால் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு நம் பெயரில் பதிவாகும். சங்கம் கூடிப் பேசி முடிவெடுக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான பிளாட்டுகள் அப்படி இல்லை. நாம் வாங்குவது 99 அல்லது 125 ஆண்டு லீஸ். நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டருடையது. அவரோ அவர் வைத்த மேனேஜிங் ஏஜென்டோ பாலிசி எடுப்பார், பணத்தை சர்வீஸ் சார்ஜில் (கட்டடப் பராமரிப்புக்கு நாம் கட்டும் பணம்) சேர்த்து நம்மிடம் வாங்கிக்கொள்வார். தேர்வு ஒருவருடையது, பில் இன்னொருவருடையது. சிக்கல் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. (ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு, அங்கிருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.)

பலரும் முதலில் யோசிக்கும் இரண்டு வழிகளை விலக்கிவிட்டுத் தொடங்குகிறேன்.

ஒன்று, "என் பிளாட்டுக்கு நானே தனியாகக் கட்டடக் காப்பீடு எடுத்துக்கொள்கிறேன்" என்பது. 2002 காமன்ஹோல்ட் மற்றும் லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டத்தின் 164-ஆம் பிரிவைப் படித்துவிட்டுப் பலர் இதைச் சொல்கிறார்கள். அந்தப் பிரிவு லீஸில் இருக்கும் தனி வீடுகளுக்கு மட்டும்தான், பிளாட்டுக்குக் கிடையாது. நீங்கள் தனியாக எடுத்தாலும் ஃப்ரீஹோல்டரின் பில்லைக் கட்டித்தான் ஆக வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் பொருட்களுக்கான பாலிசி வேறு, அதை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

இரண்டு, "பணத்தைக் கட்டாமல் நிறுத்திவிடுகிறேன்". தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பாக்கி ஏறினால் லீஸையே பறிக்கும் நடவடிக்கை வரை போகலாம், வீட்டுக்கடன் கொடுத்த வங்கிக்குக் கடிதம் போகும். ஆட்சேபத்தை எழுத்தில் பதிந்துவிட்டுக் கட்டுங்கள். கட்டியதாலேயே தொகையை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று 1985 லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 27ஏ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கட்டிய பிறகும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

மிஞ்சுவது நான்கு வழிகள்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். கட்டிய பணம் திரும்ப வேண்டுமா, அடுத்த ஆண்டு பில் குறைய வேண்டுமா, இல்லை பாலிசியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமே வேண்டுமா? மூன்றும் வேறு வேறு. பணத்தைத் திரும்ப வாங்கித் தரும் வழி அதிகாரத்தைத் தராது, அதிகாரம் தரும் வழி பழைய பணத்தைத் திருப்பாது.

அடுத்தது அக்கம்பக்கம். எத்தனை பிளாட்காரர்கள் உங்களோடு வருவார்கள்? பாதிப் பேர் வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கிறார்களா? அப்புறம் கட்டடம்: எத்தனை மாடி, தீப்பிடிக்கும் கிளாடிங் (வெளிச்சுவர் உறை) இருக்கிறதா, வெள்ளப் பகுதியா, கடந்த ஐந்து ஆண்டில் எத்தனை கிளெய்ம்?

கடைசியாக, நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கும் அளவுகோல்: நாளைக்கு மேல்மாடிக் குழாய் வெடித்து மூன்று வீடு நனைந்தால் பணம் வருமா? பிரீமியம் 100 பவுண்டு குறைந்து, கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையும் குறைந்திருந்தால் நீங்கள் தோற்றுவிட்டீர்கள். தொகை போதாமல் இருந்தால் காப்பீட்டு நிறுவனம் கிளெய்மை அதே விகிதத்தில் வெட்டலாம். மறுகட்டுமானச் செலவின் முக்கால் பங்குக்குத்தான் காப்பீடு என்றால், 40,000 பவுண்டு சேதத்துக்கு 30,000 மட்டும் கையில் வரக்கூடும்.

## வழி 1: காகிதங்களைக் கேட்பது

இதற்கு யாருடைய துணையும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். 1985 சட்டத்தின் 30ஏ பிரிவும் அதன் அட்டவணையும் ஒரு தனி லீஸ்ஹோல்டருக்கே இந்த உரிமையைத் தருகின்றன. காப்பீட்டின் சுருக்கத்தை எழுத்தில் கேட்கலாம். எந்த நிறுவனம், எவ்வளவு தொகைக்கு, எந்தெந்த ஆபத்துகளுக்கு என்பது அதில் இருக்க வேண்டும். முழுப் பாலிசியையும் பிரீமியம் கட்டிய ரசீதையும் பார்க்கவும் நகல் பெறவும் கேட்கலாம். 21 நாட்களுக்குள் தர வேண்டும். நியாயமான காரணமில்லாமல் தராமல் இருப்பது குற்றம், அபராதம் உண்டு.

அதே அட்டவணையில் அதிகம் பேருக்குத் தெரியாத ஓர் உரிமையும் இருக்கிறது. சேதம் நடந்து, ஃப்ரீஹோல்டர் கிளெய்ம் போடாமல் இழுத்தடித்தால், பாலிசி சொல்லும் கெடுவுக்குள் நீங்களே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்கலாம். தெரிவித்தால் கிளெய்ம் போடும் கெடு அந்த நாளிலிருந்து ஆறு மாதமாக நீளும். கூரை ஒழுகி, ஏஜென்டிடமிருந்து பதிலே வராமல் தவிக்கும் குடும்பத்துக்கு இது பெரிய பிடிமானம்.

கமிஷன் விஷயம் தனி. பல ஆண்டுகளாக புரோக்கர், ஏஜென்ட், ஃப்ரீஹோல்டர் என்று பிரீமியத்திலிருந்து பங்கு போனது, பில்லில் ஒரே தொகையாக மட்டும் தெரிந்தது. நிதி நடத்தை ஆணையம் இதை 2022-இல் ஆராய்ந்து, 2023 டிசம்பர் 31 முதல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி காப்பீட்டு நிறுவனங்களும் புரோக்கர்களும் லீஸ்ஹோல்டரையும் தங்கள் வாடிக்கையாளராகக் கருதி அவர் நலனைப் பார்க்க வேண்டும். கமிஷனை வைத்துப் பாலிசியைப் பரிந்துரைக்கக் கூடாது. விலையையும் கமிஷனையும் பற்றிய விவரத்தை, லீஸ்ஹோல்டர்களிடம் சேர்ப்பதற்காக ஃப்ரீஹோல்டரிடம் கொடுக்க வேண்டும். 2024 மே 24-இல் நிறைவேறிய லீஸ்ஹோல்ட் மற்றும் ஃப்ரீஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், இப்படிப்பட்ட கமிஷனை நம் தலையில் கட்டவே கூடாது, அனுமதிக்கப்பட்ட கட்டணம் மட்டும் வாங்கலாம் என்கிறது. சட்டப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் உடனே நடைமுறைக்கு வருவதில்லை. இந்தப் பகுதிக்குத் தனி விதிகள் வேண்டும், ஆகவே கடிதத்தில் இதை எழுதும் முன் நடப்பு நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் 14 பிளாட் கட்டடத்தில் நான் முதலில் செய்தது இதுதான். இரண்டு கடிதம் போட்ட பிறகு பாலிசி வந்தது. திறந்து பார்த்தால், தண்ணீர்க் கசிவுக்கு எக்ஸஸ் 2,500 பவுண்டு. அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 2,500 எங்கள் கையிலிருந்து. அந்தக் கட்டடத்தில் நடந்த சேதமெல்லாம் குளியலறைக் கசிவுதான், பாதிக்கு மேல் அந்தத் தொகைக்கு உள்ளேயே அடங்கிவிடும். பிரீமியம் ஏறியது மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, வாங்கிய பாலிசியே எங்களுக்குப் பொருந்தாதது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறைந்திருக்கும் செலவு இந்த வழியில் அநேகமாக இல்லை. ஆனால் தெரிந்துகொள்வது வேறு, மாற்றுவது வேறு. காகிதம் கையில் வந்தாலும் அடுத்த ஆண்டும் அவரே தேர்ந்தெடுப்பார். சில இடங்களில் கேள்வி கேட்கிறார்கள் என்று தெரிந்ததுமே ஏஜென்ட் வேறு நிறுவனங்களிடம் விலை கேட்டு வாங்குவார், அதிலேயே விஷயம் முடியும். சில இடங்களில் அசையவே மாட்டார்கள்.

## வழி 2: தீர்ப்பாயம்

1985 சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி சர்வீஸ் சார்ஜ் நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும். காப்பீடும் அதில் அடங்கும். 27ஏ பிரிவின் கீழ் இங்கிலாந்தில் முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவிடம் போகலாம் (வேல்ஸில் லீஸ்ஹோல்ட் மதிப்பீட்டுத் தீர்ப்பாயம்). ஒரே ஒருவர் போனாலும் போதும். பழைய ஆண்டுகளையும் சேர்த்துக் கேட்கலாம். நான்கு வழிகளில் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க இடமுள்ளது இது ஒன்றுதான்.

"ஆன்லைனில் பார்த்தேன், பாதி விலைக்குக் கிடைக்கிறது" என்று போனால் தோற்பீர்கள். ஃப்ரீஹோல்டர் சந்தையிலேயே மலிவான பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் 2017-இல் மேல் தீர்ப்பாயம் ஒரு வழக்கில் வகுத்த அணுகுமுறை நமக்குக் கை கொடுக்கிறது. பாலிசியை எப்படித் தேர்ந்தெடுத்தார், சந்தையை எப்படி அலசினார் என்று ஃப்ரீஹோல்டர் விளக்க வேண்டும். தன் கட்டடங்கள் எல்லாவற்றையும் ஒரே பெரிய பாலிசியில் போட்டிருப்பது தவறில்லை, ஆனால் அதனால் ஒரு கட்டடத்துக்காரர்கள் கணிசமாகக் கூடுதல் சுமக்கக் கூடாது. நம் பக்கம் காட்டும் விலையோ நிஜமாகவே ஒப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி வரிதான் உழைப்பு. அதே காப்பீட்டுத் தொகை, அதே எக்ஸஸ், அதே கிளெய்ம் வரலாறு, பயங்கரவாதச் சேதத்துக்கும் அதே பாதுகாப்பு, வீடு இழந்தால் மாற்றுத் தங்குமிடச் செலவும் அதே அளவு. இத்தனையும் பொருந்திய விலைக்குறிப்பு ஒரு புரோக்கரிடமிருந்து எழுத்தில் வேண்டும். வழி 1-இல் பெற்ற காகிதங்கள் இல்லாமல் இதைக் கேட்கவே முடியாது. என் நண்பர் ஒருவர் கிளெய்ம் வரலாற்றை விட்டுவிட்டு வாங்கிய விலைக்குறிப்பைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. ஆறு மாத உழைப்பு ஒரு பத்தியில் போனது.

விண்ணப்பத்துக்கு நூறு பவுண்டை ஒட்டியும் விசாரணைக்கு இருநூறை ஒட்டியும் கட்டணம் இருக்கும். மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில். தோற்றவர் எதிர்த்தரப்புச் செலவைக் கட்ட வேண்டும் என்ற பொது விதி இந்தத் தீர்ப்பாயத்தில் இல்லை. ஆனால் உங்கள் லீஸ் இடம் கொடுத்தால், ஃப்ரீஹோல்டர் தன் வக்கீல் செலவை அடுத்த ஆண்டு சர்வீஸ் சார்ஜில் சேர்த்துவிடலாம். நீங்கள் வென்றாலும் சேர்க்கப் பார்க்கலாம். அதனால் விண்ணப்பத்தோடேயே 20சி பிரிவின் கீழும், 2002 சட்டத்தின் 11-ஆம் அட்டவணை 5ஏ பத்தியின் கீழும் அதைத் தடுக்கும் ஆணையைக் கேளுங்கள். இதை மறந்தவர்கள் நிறைய.

இன்னொன்றையும் பாருங்கள்: ஃப்ரீஹோல்டர் 12 மாதத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தமாகக் காப்பீடு எடுத்து, உங்கள் பங்கு ஆண்டுக்கு 100 பவுண்டைத் தாண்டினால், 20-ஆம் பிரிவின்படி முன்கூட்டியே உங்களிடம் கலந்து பேசியிருக்க வேண்டும். பேசாமல் விட்டிருந்தால், தீர்ப்பாயம் விலக்கு அளிக்காதவரை, ஆண்டுக்கு 100 பவுண்டுக்கு மேல் வாங்க முடியாது.

## வழி 3: நிர்வாக உரிமையை எடுப்பது

ரைட் டு மேனேஜ் என்று எல்லோரும் சொல்வது இது. 2002 சட்டம் தந்த உரிமை. ஃப்ரீஹோல்டர் தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை, அவருக்குப் பணம் கொடுக்க வேண்டியதும் இல்லை. கட்டடத்தில் குறைந்தது இரண்டு பிளாட், அவற்றில் மூன்றில் இரண்டு பங்காவது நீண்ட லீஸ், மொத்த பிளாட்டுகளில் பாதியாவது உங்களோடு சேர வேண்டும். எங்களுக்கு 7 பேர் தேவைப்பட்டார்கள். கீழே கடைகள் இருக்கும் கட்டடங்களுக்கு முன்பு 25 விழுக்காடு வரம்பு இருந்தது. 2025 மார்ச் 3 முதல் அது 50 விழுக்காடு ஆகிவிட்டது. ஹை ஸ்ட்ரீட் கடைகளுக்கு மேலே பிளாட் வைத்திருக்கும் பலருக்குக் கதவு திறந்தது அன்றைக்குத்தான். அதே நாளிலிருந்து, ஃப்ரீஹோல்டரின் வக்கீல் செலவையும் பெரும்பாலும் நாம் சுமக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு நிறுவனம் பதிய வேண்டும். சேராத பிளாட்காரர்களுக்கு அழைப்பு அனுப்பி 14 நாள் காத்திருக்க வேண்டும். அப்புறம் உரிமைகோரும் நோட்டீஸ். ஃப்ரீஹோல்டர் பதில் சொல்லக் குறைந்தது ஒரு மாதம், அதற்குப் பின் கைமாறக் குறைந்தது மூன்று மாதம். எதிர்ப்பே இல்லாவிட்டாலும் ஐந்து மாதம் ஆகும். ஒரு வளாகத்தில் மூன்று தனிக் கட்டடங்கள் இருந்தால் மூன்றுக்கும் தனித்தனி நிறுவனம் வேண்டும். இது 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

கைமாறும் நாளிலிருந்து காப்பீடு உங்கள் பொறுப்பு. இந்த வரியை மெதுவாகப் படியுங்கள். பழைய பாலிசி அந்த நாளோடு உங்கள் கட்டடத்தை விட்டு விலகிவிடலாம், அதே நாளிலேயே புதிய பாலிசி தொடங்கியிருக்க வேண்டும். இடையில் ஓர் இரவு காப்பீடு இல்லாமல் போய், அந்த இரவில் தீப்பிடித்தால், இயக்குநராகக் கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தில் கைமாறுவதற்கு ஆறு வாரம் முன்பே புரோக்கரை வைத்துவிட்டோம். மறுகட்டுமானச் செலவைக் கணக்கிட ஒரு சர்வேயரையும் கூப்பிட்டோம்.

அந்த சர்வேயர் கட்டணம் ஒரு மறைந்த செலவு. இன்னும் இருக்கின்றன: இயக்குநர்களுக்கான பொறுப்புக் காப்பீடு, கணக்காளர், புதிய ஏஜென்ட். எல்லாவற்றையும்விடக் கடினமானது பிரீமியத்தை முன்பணமாகத் திரட்டுவது. நிறுவனத்தின் கையில் இருப்பு இருக்காது, 14 பேரில் நான்கு பேர் தாமதமாகத்தான் கட்டுவார்கள், காப்பீட்டு நிறுவனம் காத்திருக்காது. தினமும் படிக்கட்டில் பார்க்கும் அக்காவிடம் போய்ப் பணம் கேட்கும் சங்கடத்தை எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்வதில்லை.

பிரீமியம் கட்டாயம் குறையும் என்றும் நினைக்காதீர்கள். கிளெய்ம் வரலாறு கட்டடத்தோடு வரும், ஃப்ரீஹோல்டரோடு போகாது. எங்களுக்குப் பில் குறைந்தது கொஞ்சம்தான். ஆனால் கசிவுக்கான எக்ஸஸை 500 பவுண்டுக்கு இறக்கிக்கொண்டோம். எனக்கு அதுதான் பெரிய வெற்றி.

இந்த வழி சரிப்படாத கட்டடங்களும் உண்டு. உயரம் 18 மீட்டரோ 7 மாடியோ அதற்கு மேலோ என்றால் 2022 கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் பொறுப்புகள் உங்கள் நிறுவனத்தின் மேல் விழலாம். கிளாடிங் சரிசெய்யப்படாத கட்டடத்துக்குக் காப்பீடு தேடுவதே ஒரு முழுநேர வேலை. அப்படிப்பட்ட கட்டடங்களுக்காக 2024 ஏப்ரல் 1-இல் தீப்பாதுகாப்பு மறுகாப்பீட்டு ஏற்பாடு ஒன்று தொடங்கியது, புரோக்கரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். வெள்ளப் பகுதியில் இருப்பவர்கள் ஃப்ளட் ரீ என்ற வெள்ள மறுகாப்பீட்டுத் திட்டத்தை நம்ப வேண்டாம், பெரிய பிளாட் கட்டடங்கள் அதில் சேராது.

## வழி 4: ஃப்ரீஹோல்டை வாங்குவது

1993 லீஸ்ஹோல்ட் சீர்திருத்த, வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சிச் சட்டத்தின்படி பாதி பிளாட்டுகளாவது சேர்ந்தால் கட்டாயமாக வாங்கலாம். காப்பீடு உட்பட எல்லா அதிகாரமும் கைக்கு வரும். ஆனால் விலை, மதிப்பீட்டாளர், வக்கீல் என்று ஒவ்வொருவருக்கும் ஆயிரக்கணக்கில் போகும், ஓராண்டு ஆவது சாதாரணம். லீஸ் 80 ஆண்டுக்குக் கீழே போயிருந்தால் விலை இன்னும் ஏறும். 2024 சட்டம் அந்தக் கூடுதலை நீக்குகிறது, அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். காப்பீட்டுக்காக மட்டும் இதைச் செய்யாதீர்கள் என்பதே என் எண்ணம். லீஸை நீட்ட வேண்டும், தரை வாடகையை ஒழிக்க வேண்டும் என்ற தேவைகளும் சேர்ந்து வந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

## ஒரே பார்வையில்

| | காகிதம் கேட்பது | தீர்ப்பாயம் | நிர்வாக உரிமை | ஃப்ரீஹோல்ட் |
|---|---|---|---|---|
| எத்தனை பேர் | ஒருவர் போதும் | ஒருவர் போதும் | பாதி பிளாட்டுகள் | பாதி பிளாட்டுகள் |
| காலம் | 21 நாள் | பல மாதம் | சுமார் 5 மாதம் முதல் | ஓராண்டை ஒட்டி |
| பழைய பணம் | வராது | வரலாம் | வராது | வராது |
| பாலிசியைத் தேர்ந்தெடுப்பவர் | ஃப்ரீஹோல்டர் | ஃப்ரீஹோல்டர் | நீங்கள் | நீங்கள் |
| கவனிக்க வேண்டியது | பதில் வராமல் இழுபடலாம் | வக்கீல் செலவு சர்வீஸ் சார்ஜில் வரலாம் | கைமாறும் நாளில் இடைவெளி, முன்பணம் | விலை |

## யாருக்கு எது

ஒரு பெரிய டவரில் யாரையும் தெரியாமல் தனியாக இருக்கிறீர்கள் என்றால் வழி 1, பில் நிஜமாகவே அநியாயம் என்று காகிதம் காட்டினால் வழி 2. நான்கு முதல் இருபது பிளாட் வரை உள்ள, உயரம் குறைந்த, முகம் தெரிந்த கட்டடமென்றால் தயங்காமல் வழி 3-ஐப் பேசத் தொடங்குங்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்த இருவர், கதவைத் தட்டப் பொறுமையுள்ள ஒருவர் இருந்தால் போதும். நிர்வாகம் மொத்தமாகச் சீர்கெட்டு, ஆனால் பாதிப் பேரைக்கூடச் சேர்க்க முடியாத இடமென்றால், 1987 லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி வேறு மேலாளரை நியமிக்கச் சொல்லித் தீர்ப்பாயத்தைக் கேட்கலாம். அதற்கு அவர்களின் தவறை நிரூபிக்க வேண்டும்.

முன்பு கவுன்சிலுக்கு (உள்ளாட்சி) சொந்தமாக இருந்த பிளாட்டை வாங்கியவர்கள் நம்மிடையே நிறைய. கட்டடம் இன்னும் கவுன்சிலுடையது என்றால் வழி 3 உங்களுக்கு இல்லை, 2002 சட்டம் அதை விலக்கிவிட்டது. அங்கே வழி 1, வழி 2, அதோடு பல ஆண்டு ஒப்பந்தங்களுக்கான கலந்தாலோசனை நோட்டீஸ். அந்த நோட்டீஸ் தபாலில் வரும்போது விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போடாதீர்கள். ஆட்சேபம் எழுத 30 நாள்தான் இருக்கும்.

எந்த வழியானாலும் முதல் கடிதத்தைப் பாலிசி புதுப்பிக்கும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே அனுப்புங்கள். தேதி தெரியாவிட்டால் போன ஆண்டு பில்லில் "காப்பீட்டுக் காலம்" என்ற வரியைப் பாருங்கள். சுருக்கம், முழுப் பாலிசி, பிரீமியம் ரசீது, ஐந்தாண்டு கிளெய்ம் வரலாறு, கடைசியாக மறுகட்டுமானச் செலவு கணக்கிட்ட அறிக்கை, யாருக்கு எவ்வளவு கமிஷன் என்ற விவரம்: இந்த ஆறையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். முதல் மூன்றும் 30ஏ உரிமையில் வருபவை என்று பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கடைசி மூன்றைத் தர மறுத்தால், அந்த மறுப்பையே தேதியோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாயத்துக்குப் போனால் அது உதவும். ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால், அரசு நிதியில் நடக்கும் லீஸ்ஹோல்ட் ஆலோசனை சேவையில் இலவசமாகவே கேட்கலாம்.